பதினாறில் ஒரு பங்கு

முதலில் இருட்டைச் சரிசெய்ய வேண்டும்.
ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடு.
கறுப்பாக வரவில்லையா,
அபெர்ச்சரை இன்னும் சுருக்கு. இன்னொரு படம்.
திரையில் ஒன்றுமே இல்லை என்றான பிறகுதான்
நாம் போடும் வெளிச்சம் நம்முடையது.

ராயக்கோட்டைக்கு மேற்கே, தக்காளிக் காட்டு வரப்பில்
இடுப்புவரை மண்ணில் புதைந்து நிற்கிறார் வேடியப்பன்.
கல்வெட்டு படிக்கிற ஒருவர்
கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்லியிருந்தார்:
"எழுத்து தெரியணும் தம்பி. அழகெல்லாம் வேண்டாம்."
எனக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.
பதினோரு வருஷமாக மண்டபம் மண்டபமாக
மணப்பெண்களின் மூக்கு நிழலை அழித்துப் பிழைக்கிறேன்.

கல்லைக் கழுவக் கூடாது என்று
காட்டுக்காரி கெம்பம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள்.
எண்ணெய், மஞ்சள், போன வாரத்துப் பூ,
எல்லாம் அப்படியே இருக்க
கேமரா தலையில் ஃபிளாஷைச் செருகி நேரே அடித்தேன்.

படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை.
வேகம் இருநூற்றைம்பதில் கிடந்திருக்கிறது.
மூவாயிரத்து இருநூறு ரூபாய் ஃபிளாஷ்,
நம் தப்பை எடுத்துச் சொல்லாது,
சொன்னதை மட்டும் செய்யும்.
இருநூறுக்கு இறக்கினேன். பட்டை போயிற்று.
கூடவே வேடியப்பனும் போனார்.
கண் இல்லை, கை இல்லை.
எண்ணெய் பளபளக்கும் வெறும் பலகை.

கழற்றினேன்.
ட்ரிக்கர் ஒன்று கேமராவில், ஒன்று ஃபிளாஷின் காலில்.
இங்கே சேனல் மூன்று, அங்கே ஒன்று.
பத்து நிமிஷம் ஊமையாகக் கிடந்தது.
அதற்கும் மாதேஷைத்தான் திட்டினேன்.
"தரையோட பிடிடா. ஆட்டுக்குட்டி உயரம்.
கல்லுக்கு நேரா காட்டாத,
உரசிக்கிட்டு அந்தப் பக்கம் போகட்டும்."

முழுப் பவரில் ஓரம் வெந்துபோனது.
பாதி. கால். எட்டில் ஒன்று.
பொழுது இறங்கிக்கொண்டிருந்தது,
தக்காளிக் கூடைகளோடு மினி லாரி ஒன்று
மண்டிக்குக் கிளம்பிப் போனது.
பதினாறில் ஒரு பங்கு.

வலப்பக்கம் சரிந்த கொண்டை.
வில் பிடித்த கை, மடங்கிய முட்டி,
பின்னால் பாதி உடைந்த ஒரு மாடு.
மேலே எழுத்துகள், ஒவ்வொன்றும்
தன் நிழலில் காலூன்றி எழுந்து நின்றன.
எனக்கு அதில் ஒன்றும் படிக்கத் தெரியாது.

கெம்பம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு
திரைக்குள் எட்டிப் பார்த்தாள்.
"யாரிது?"
"உங்க வேடியப்பன்தான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு மார்பில் விரல் வைத்து எண்ணினாள். ஏழு.
ஏழு குழி, ஏழிலும் அம்பின் ஒடிந்த கட்டை.
வெள்ளிதோறும் அவள் பொட்டு வைக்கும் ஏழு இடம்.
விரல் தானாகப் போய் உட்காருமாம்,
குழி இருப்பதால் குங்குமம் உதிராதாம்.

"அம்பா?"
"அப்படித்தான் தெரியுது."
"நான் அழுத்தி வேற வைப்பேனே" என்றாள்.

காவேரிப்பட்டணத்தில் ஏழு மணிக்கு ரிசெப்ஷன்.
பைக்கில் போகும்போது சட்டைப்பையில்
நான்கு செல்லும் சுட்டுக்கொண்டே வந்தன.
மேடையில் முதல் படத்துக்கு எல்லாரும் நிற்க,
ஃபிளாஷ் மாதேஷ் கையில்தான் இருந்தது,
பழக்கத்தில் குனிந்து, தரையோடு, பதினாறில் ஒரு பங்கு.
மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.
திரையில் பார்த்தேன்:
நெற்றி முழுக்க எழுத்து.

"அண்ணா, அழிச்சிரட்டா?" என்றான் மாதேஷ்.
ஃபிளாஷை வாங்கித் தலையில் மாட்டி
கூரையைப் பார்க்கத் திருப்பினேன்.
"இன்னும் ஒரு படம் சார், அப்படியே நில்லுங்க."
அந்த முதல் படம்
கார்டில் வேடியப்பனுக்கு அடுத்து இருக்கிறது.